மலையேறிச் சென்ற தூதரும் நாமும்

(மறைபரப்பு ஞாயிறை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சில் தருகிறோம்.)



திருத்தந்தை 11-ஆம் பயஸ் 1926-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிறை இன்று உலகமெங்கும் திருச்சபை கொண்டாடுகிறது. இந்த நாளில் நமக்கு நினைவுக்கு வருகிற நற்செய்திப் பகுதி, லூக்கா பத்தாம் அதிகாரம். ஆண்டவர் தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், பை வேண்டாம், மிதியடி வேண்டாம் என்கிறார். போகிற வீட்டில் முதலில் சமாதானம் சொல்லச் சொல்கிறார். அதன்பின் அவர் சொல்வதை நாம் பலமுறை வாசித்தும் கவனிக்காமல் விட்டிருப்போம். அந்த வீட்டிலேயே தங்குங்கள், அவர்கள் தருவதையே உண்டு குடியுங்கள், வீடு வீடாக மாறிக்கொண்டிருக்காதீர்கள் என்கிறார். கொடுக்கப் போகிறவர்களைப் பார்த்து, வாங்கி உண்ணுங்கள் என்று ஆண்டவர் ஏன் சொன்னார்? இன்று இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டில் நடந்த ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

ராயகிரி, வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கத்தில் இருக்கும் நேயர்கள் வாசலில் நின்று மேற்கே பார்த்தாலே மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அந்த மலையிலும் அடிவாரத்திலும் பளியர் இன மக்கள் வாழ்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தேன் எடுத்தும், கிழங்கு தோண்டியும், காட்டுப் பொருள் சேகரித்தும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறவர்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் நெருங்கும்போது நம் பங்குகளிலிருந்து இளைஞர்களும் பக்தசபையினரும் வேன் பிடித்துக்கொண்டு இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குப் போய் வருவது இப்போது பல இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. கம்பளி, அரிசி, கேக், பிள்ளைகளுக்குப் பொம்மை எல்லாம் கொண்டுபோகிறோம். நல்ல மனதோடுதான் போகிறோம். இந்த ஆண்டும் போவோம். போவதற்கு முன், நமக்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு பயணம் போய் வந்த ஒருவரை அறிந்துகொள்வது நல்லது.

அவர் பெயர் ஜாக்கோமோ பெனிசியோ. இத்தாலியில் கப்புவா என்ற ஊரில் பிறந்தவர், இயேசு சபைக் குரு. மலையாளக் கரையில் பணியாற்றியவர். அவர் ஏன் மலையேறினார்?

1599-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேரளத்தில் உதயம்பேரூர் என்ற இடத்தில் ஒரு சங்கம் கூடியது. கோவாவின் பேராயர் மெனேசஸ் அதைக் கூட்டினார். புனித தோமாவின் வழிவந்த கிறிஸ்தவர்களின் வாழ்வில் அந்தச் சங்கம் ஏற்படுத்திய காயங்கள் வேறொரு பெரிய கதை. அந்தச் சங்கத்தில் ஒரு செய்தி பேசப்பட்டது. கோழிக்கோடு சாமூதிரி மன்னரின் எல்லைக்கு அப்பால் 'தோதமலை' என்றொரு நாடு இருக்கிறது, அங்கே பழைய காலத்துக் கிறிஸ்தவர்கள் குருவும் கோவிலும் இல்லாமல் பெயரளவில் மட்டும் கிறிஸ்தவர்களாக மறைந்துபோய் வாழ்கிறார்கள் என்பதே அந்தச் செய்தி. அவர்களைத் தேடிக் குருக்களை அனுப்பவேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகும் நல்ல ஆயனின் எண்ணம்தான் அது.

தோதமலை என்று அவர்கள் சொன்னது இன்றைய நீலகிரி. அங்கே இருந்தவர்கள் தோதவர்கள். ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாற்போல் வளைந்த கூரையுள்ள சிறு குடில்கள், சிவப்பும் கறுப்பும் நூலால் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை. அந்த மக்கள்தான்.

அப்போது அங்கமாலி ஆயராக இருந்தவர் பிரான்சிஸ் ரோஸ், அவரும் இயேசு சபையினர். 1602-ஆம் ஆண்டில் அவர் முதலில் இருவரை மலைக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த செய்தி தெளிவாக இல்லை. எனவே அடுத்த ஆண்டு, 1603-இல், பெனிசியோ அடிகளார் புறப்பட்டார். கோழிக்கோட்டிலிருந்து மண்ணார்க்காடு வந்து, அங்கிருந்து காட்டு வழியாகச் செங்குத்தான மலையேறினார். அன்று அங்கே சாலையும் இல்லை, விடுதியும் இல்லை. ஊட்டி என்றொரு நகரம் உருவாக இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. நீலகிரி மலைமேல் ஏறி, தான் கண்டதை எழுதி வைத்த முதல் ஐரோப்பியர் அவர்தான்.

அவர் தம் மேலதிகாரிக்கு எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. முதலில் படுகர்களின் ஊரைக் கண்டார். பிறகு தோதவர்களைச் சந்தித்தார். அவர்களுடைய பூசாரி ஒருவரை நேரில் கண்டு பேசியதை அவர் வருணிக்கிறார். உயர்ந்து வளர்ந்த மனிதர், நீண்ட தாடி, தோள்வரை தொங்கும் முடி. விவிலியத்தில் வரும் நாசீரைப் போல இருந்தார் என்று எழுதுகிறார். அந்தப் பூசாரி தன் மனைவியைவிட்டு விலகி வாழவேண்டியவர். அவர்களுடைய வழிபாடு எருமையையும் பாலையும் சுற்றியே இருக்கிறது. அந்த மக்கள் பயிர் செய்வதில்லை. எருமை மேய்த்துப் பாலும் வெண்ணெயும் கொண்டு வாழ்கிறார்கள். இவற்றையெல்லாம் அடிகளார் கேள்விமேல் கேள்வி கேட்டு அறிந்து எழுதினார். கடவுளைப் பற்றி அவர்களிடம் பேசினார். கூடிவந்த பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூலும் பரிசாகக் கொடுத்தார். அவர்கள் மிகவும் மகிழ்ந்தார்கள்.

சில நாட்களில் மலையிறங்கிவிட்டார்.

நேயர்களே, இந்தப் பயணத்தில் நாம் பாராட்டவேண்டிய ஒன்று இருக்கிறது. அவரை அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது, 'ஆம், மறைந்துபோன கிறிஸ்தவர்களைக் கண்டுவிட்டோம்' என்ற செய்தியை. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால் எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். பெனிசியோ அப்படிச் செய்யவில்லை. இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், இவர்களுக்கென்று வேறு வழக்கங்கள் இருக்கின்றன என்று, கண்டதைக் கண்டபடி எழுதினார். இத்தனை பேரை மனந்திருப்பினேன் என்று எண்ணிக்கை காட்டவும் இல்லை. மறைபணி அறிக்கை எழுதுகிற நாம் ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொள்ளவேண்டும்.

ஆனால் கடிதத்தின் முடிவு என்ன? இடம் தொலைவு, மலை கடினம், மக்கள் தொகை குறைவு, நம் கையில் இருக்கும் பணித்தளங்களுக்கே ஆள் போதவில்லை; ஆகவே இப்போதைக்கு இந்த முயற்சி வேண்டாம் என்பதுதான். நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் நியாயமான முடிவு. ஒருவரும் திரும்பிப் போகவில்லை. தாங்கள் தேடிய ஆடு அங்கே இல்லை என்று தெரிந்ததும், அங்கே இருந்த மனிதர்கள் மறந்துபோனார்கள். கண்ணாடி வாங்கிய பெண்கள் அந்த அங்கிக்காரர் மறுபடி வருவார் என்று மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா? கடிதத்தில் அதற்கு இடமில்லை. அவர் என்ன நினைத்தார் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதிவைக்க அன்று யாரும் இல்லை. அந்தக் கடிதம் கடைசியில் லண்டனில் ஒரு நூலகத்தில் சேர்ந்தது. 1906-இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தோதவர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலின் பின்னிணைப்பாக அது அச்சேறியது. அந்தக் காலத்தில் தோதவர்கள் மொத்தமே சுமார் 800 பேர்.

இதே பெனிசியோ அடிகளாரின் வாழ்வில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆலப்புழைக்கு அருகே கடற்கரையில் அர்த்துங்கல் என்ற ஊர். புனித செபஸ்தியார் திருத்தலம் என்றால் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அந்த ஊரில் இதே பெனிசியோ பங்குத்தந்தையாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். மீனவ மக்களோடு மக்களாக இருந்தார், அவர்கள் மொழியைப் பேசினார். மக்கள் அவரை 'வெளுத்தச்சன்', அதாவது வெள்ளைத் தகப்பன் என்று அழைத்தார்கள் என்பது அங்குள்ள மரபு. அவர் 1632-இல் கொச்சியில் இறந்தார். இன்றும் அர்த்துங்கலில் 'வெளுத்தச்சன்' என்ற பெயர் அன்போடு சொல்லப்படுகிறது. சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்களில் பலர் அந்தக் கோவிலுக்கு வந்து மாலை கழற்றிவிட்டுப் போவதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

மனிதர் ஒருவர்தான். மலையில் சில நாள் இருந்தார்; ஒரு கடிதம் மிஞ்சியது. கடற்கரையில் பல ஆண்டுகள் இருந்தார். தகப்பன் என்ற பெயர் மிஞ்சியது.

அவரை அனுப்பிய ஆயர் ரோஸ் அவர்களும் நினைவில் கொள்ளவேண்டியவர். நீலகிரிப் பயணத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1606-இல், தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்று, இந்த மண்ணின் உடையிலும் உணவிலும் வாழத் தொடங்கினார். அதற்காக அவருக்குப் பலத்த எதிர்ப்பு வந்தது. அப்போது அவர் பக்கம் நின்றவர்களில் ஒருவர் இதே ஆயர் ரோஸ். பிறகு 1711-இல் நம் தமிழ் மண்ணுக்கு வந்தவர் வீரமாமுனிவர். காமநாயக்கன்பட்டியிலும் நம் தெற்குச் சீமையிலும் அலைந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அதற்குப் பிறகாவது ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. 1747-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்து தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தார். நம் முன்னோருக்கு நற்செய்தி வந்த வழி இதுதான். யாரோ ஒருவர் வந்து தங்கியதால்தான் நாம் இன்று கோவிலில் முழந்தாளிடுகிறோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. கடலுக்கு அப்பால் மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளில் மாயா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். நம் பளியரைப்போல் சிறு எண்ணிக்கை அல்ல, பல லட்சம் பேர். இன்று பணக்கார நாடுகளிலிருந்து கிறிஸ்தவக் குழுக்கள் ஒரு வாரம், பத்து நாள் என்று அங்கே சேவைப் பயணம் போவது மிகச் சாதாரணம். அந்த மக்களுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவில் வேதனையான பக்கங்கள் உண்டு. 1562-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மானி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற துறவி, மாயா மக்களின் எழுத்துச் சுவடிகளைக் குவித்துத் தீவைத்தார். பேயின் வேலை என்று நினைத்தார். அந்த மக்களின் பழஞ்சுவடிகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. நம் ஏட்டுச் சுவடிகளை ஒருவர் இப்படி எரித்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அதே மண்ணில் வேறொருவரும் இருந்தார். சாமுவேல் ரூயிஸ் என்ற ஆயர். சியாப்பாஸ் மாநிலத்தில் சான் கிறிஸ்தோபால் மறைமாவட்டத்துக்கு 1960-இல் பொறுப்பேற்று வந்தார். வந்தபோது அவர் மனதிலும் நம்முடையதைப் போன்ற திட்டம்தான் இருந்தது: இவர்களுக்கு ஸ்பானிய மொழி சொல்லிக்கொடுக்கவேண்டும், காலுக்குச் செருப்பு கொடுக்கவேண்டும், நல்ல உணவு கொடுக்கவேண்டும். கொஞ்ச காலத்தில் அவருக்கே புரிந்தது. அந்த மக்களுக்குச் செருப்பு இல்லாதது குறையல்ல. அவர்கள் நிலம் பறிபோவதும், அவர்கள் பேச்சை யாரும் கேட்காததும்தான் குறை. அவர் அவர்கள் மொழிகளைக் கற்கத் தொடங்கினார். 1974-இல் பழங்குடியினர் மாநாடு ஒன்று கூட அவர் துணைநின்றார். மாயா மக்கள் தங்கள் மொழிகளிலேயே எழுந்து நின்று நிலம், கல்வி, மருத்துவம், வணிகம் பற்றித் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். அவர்களிடையே திருமணமான ஆண்கள் பலர் நிரந்தரத் திருத்தொண்டர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். 2000-ஆம் ஆண்டுவரை, 40 ஆண்டுகள் அவர் அங்கே ஆயராக இருந்தார். மக்கள் அவரைத் தங்கள் மொழியில் 'தாத்திக்' என்று அழைத்தார்கள். அதற்கும் தகப்பன் என்றே பொருள். அர்த்துங்கலில் கேட்ட அதே சொல்!

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த ஊருக்குப் போனார். பழங்குடியினரின் மொழிகளும் ஒலித்த திருப்பலியை நிறைவேற்றினார். அவர்களுடைய பண்பாட்டைத் தாழ்வாக நினைத்து ஒதுக்கியவர்கள் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார். ஆயர் ரூயிஸின் கல்லறை அருகே நின்று செபித்தார்.

அன்பர்களே, இப்போது நம் மலைக்குத் திரும்புவோம்.

நான் இளங்குருவாக இருந்த காலத்தில், ஒரு கிறிஸ்து பிறப்புக்கு முன் இளைஞர் குழுவோடு மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். பொருள்களை வரிசையாக நிறுத்திக் கொடுத்தோம். பாட்டுப் பாடினோம். எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தோம். வேனில் ஏறப் போகும்போது ஒரு பெரியவர் என் அருகே வந்தார். "சாமி, போன வருசம் வந்தவகளும் இப்படித்தான் படம் புடிச்சாக. அந்தப் படத்த யாரும் கொண்டாந்து காட்டலியே. எங்க வீட்டுக்காரி அதுல இருந்தா. இப்ப அவ இல்ல" என்றார்.

அந்த ஊர்க்காரர்கள் ஒருவரின் பெயரைக்கூட நான் அன்று கேட்டிருக்கவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பினோம். அவர்கள் காய்ச்சிக் கொடுத்த தேநீரை, நேரமாகிறது என்று சொல்லி எங்களில் பலர் குடிக்கவும் இல்லை. ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் சொன்னதன் பொருள் அன்றிரவு எனக்கு உறைத்தது. கொடுப்பதை வாங்கி உண்ணுங்கள் என்று அவர் சொன்னது, சீடர்களுக்குப் பசிக்குமே என்பதற்காக மட்டும் அல்ல. ஒரு வீட்டில் வாங்கி உண்டவன் அந்த வீட்டுக்குக் கடன்பட்டவன். அவனால் அவர்களை மறக்கமுடியாது. கொடுத்துவிட்டு மட்டும் வருகிறவனுக்கு அந்தக் கடன் இல்லை.

அப்படியானால் ஒரு நாள் பயணமே வேண்டாமா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. எல்லாரும் வீரமாமுனிவரைப் போல் வீடுவாசலை விட்டுப் போகமுடியாது. உங்களுக்கு வயல் இருக்கிறது, கடை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. அன்னை மரியா எலிசபெத்தின் வீட்டுக்குப் போனபோதும் ஒருநாள் திரும்பி வரத்தான் செய்தார். ஆனால் மூன்று மாத அளவு தங்கினார் என்று நற்செய்தி கணக்கோடு சொல்கிறது. எலிசபெத்துக்குத் தேவைப்பட்ட காலம் அது. நாம் தங்கும் நேரத்தை நம் வேன் வாடகை தீர்மானிக்கிறதா, அவர்கள் தேவை தீர்மானிக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே இந்த ஆண்டு சில சிறு காரியங்களைச் செய்யப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிய இடம் தேடாதீர்கள்; ஒரே குடியிருப்புக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். போகுமுன் ஒருவரை அனுப்பி, ஊர்ப் பெரியவர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். கம்பளி வேண்டாம், பிள்ளைக்குப் பழங்குடியினர் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குக் கூட வாருங்கள் என்று அவர்கள் சொல்லக்கூடும். சான்றிதழ் இல்லாமல் படிப்பு நின்றுபோன பிள்ளைகள் எத்தனையோ. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோருக்கு உரிமை தந்திருக்கிறது. அதற்கு மனு எழுத ஒரு படித்த இளைஞன் கூட உட்கார்ந்தால் அதுவும் இறைப்பணிதான். பெயரைக் கேளுங்கள்; அடுத்த முறை போகும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். படம் எடுத்தால் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் தருவதை உட்கார்ந்து உண்ணுங்கள். காட்டைப் பற்றி, மழையைப் பற்றி, தேனீயைப் பற்றி அவர்கள் அறிந்ததில் நூறில் ஒரு பங்கு நமக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளுங்கள். மக்களின் பண்பாட்டில் ஏற்கெனவே மறைந்திருக்கும் இறைவார்த்தையின் விதைகளை மகிழ்ச்சியோடு கண்டறியவேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைபணியாளருக்குச் சொன்னது. நாம் மலையேறுவதற்கு முன்பே கடவுள் அங்கே இருக்கிறார்.

எனக்குப் படத்தைப் பற்றிச் சொன்ன அந்தப் பெரியவரை அடுத்த ஆண்டு நான் தேடிப் போனேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். நாங்கள் எடுத்த படத்தை அவருடைய மகனிடம் கொடுத்தேன். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய்ப் பாய் எடுத்து வந்து விரித்து, "உக்காருங்க சாமி" என்றான். உட்கார்ந்தேன். அந்த ஊருக்கு நான் போன இரண்டாவது முறை அது. ஆனால் ஒரு விருந்தாளியாகப் போனது அன்றுதான் முதல்முறை.

செபிப்போமாக. எங்களிடையே வந்து குடிகொண்ட ஆண்டவரே, நீர் பெத்லகேமுக்கு ஒரு நாள் பார்வையாளராக வரவில்லை. எங்கள் மொழியைப் பேசி, எங்கள் உணவை உண்டு, 33 ஆண்டுகள் எங்களோடு தங்கினீர். மலையிலும் காட்டிலும் வாழும் எங்கள் சகோதரர்களைப் பெயர் சொல்லி அறியும் மனதை எங்களுக்குத் தாரும். அவர்களிடம் வாங்கி உண்ணும் தாழ்ச்சியைத் தாரும். ஒருமுறை சென்ற வாசலுக்கு மறுபடியும் செல்லும் கால்களைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.